வசதியும் வியாதியும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோய் வராமல் இருக்க என்ன சாப்பிட வேண்டும் என்பதை நான் விளக்கப் போவதாகத் தலைவர் தம் அறிமுகத்தில் சொல்லிவிட்டார். அதை நம்பி வந்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என்ன சாப்பிட வேண்டும் என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லும் பலகை தொங்காத ஆஸ்பத்திரி தமிழ்நாட்டில் இல்லை. அந்தப் பலகைக்குக் கீழே நிற்கும் வரிசை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. அது ஏன் என்றுதான் இன்று பேசப் போகிறேன்.

சென்னையில் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். திருமங்கலத்தில் ஏசியாட் காலனி, நடுத்தர வருமானக் குடும்பங்கள் வாழும் பகுதி. தியாகராய நகரில் பாரதி நகர், குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழும் பகுதி. 1990களின் பிற்பகுதியில் நீரிழிவு ஆய்வாளர்கள் இந்த இரண்டு இடங்களிலும் இருபது வயதைத் தாண்டிய ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது காலனியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பாரதி நகரில் 6.5 சதவீதம். ஏறத்தாழப் பாதி. உழைக்கிற உடம்பு, அளவான சாப்பாடு, அதனால் ஏழைக்குச் சர்க்கரை வராது என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லி வந்ததற்கு அந்தக் கணக்கு சாட்சி சொன்னது.

பத்து ஆண்டுகள் கழித்து அதே இடங்களுக்கு மறுபடியும் போனார்கள். காலனியில் 15.4 சதவீதம். பாரதி நகரில் 15.3.

அந்தப் பத்தாண்டில் பாரதி நகரில் இருந்தவர்களுக்குக் காலனிக்காரர்களின் சம்பளம் வரவில்லை. அவர்களுடைய வீடும் வரவில்லை, வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் வரவில்லை. நோய் மட்டும் சரிசமமாக வந்து சேர்ந்துவிட்டது.

இது சென்னையின் ஏதோ ஒரு மூலையில் நடந்த விநோதம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், பதினைந்து மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 57,000 பேருக்கு மேல் சோதித்த ஆய்வின் முடிவுகள் 2017ல் வெளிவந்தன. வளர்ச்சியில் முன்னணியில் இருக்கும் மாநிலங்களின் நகரங்களில், வசதியானவர்களைவிட வசதியற்றவர்களுக்கே நீரிழிவு அதிகம் என்று அது சொன்னது. சண்டிகர் நகரத்தில் மேல்தட்டில் 12.9 சதவீதம், கீழ்த்தட்டில் 26.9 சதவீதம். கிராமங்களில் இன்னும் பழைய கணக்குதான். அங்கே வசதியானவருக்கே அதிகம். ஆக, நோய் ஒரு பாதையில் நகர்ந்துகொண்டிருக்கிறது. நகரத்து வசதியானவர் வீட்டில் தொடங்கி நகரத்து ஏழையிடம் வந்து, கிராமத்துக்குள் வசதியானவர் வீட்டு வழியாக நுழைகிறது. அடுத்து எங்கே போகும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

பிரிட்டனிலும் இதுதான் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே மாரடைப்பு மேல்வகுப்பு ஆண்களின் நோயாக இருந்தது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேல்வகுப்பின் கோடும் உழைப்பாளிகளின் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. அதன் பிறகு அது உழைப்பாளிகளின் நோயாகிவிட்டது, இன்று வரை அப்படியே இருக்கிறது. மேலே இருப்பவர்கள் முதலில் நோயை வாங்கினார்கள். வெளியேறும் வழியையும் முதலில் அவர்களே கண்டுபிடித்தார்கள். சிகரெட்டை விட்டார்கள், எண்ணெயை மாற்றினார்கள், டாக்டரை முன்கூட்டியே பார்த்தார்கள். கீழே இருந்தவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்தபோது மேலே இருந்தவர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

சரி, பாரதி நகரில் என்ன நடந்திருக்கும்? இங்கே நான் சொல்வதில் பாதி ஆய்வு, பாதி பல ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்த அனுபவம்.

முதலில் தட்டில் இருப்பதைப் பாருங்கள். சென்னையில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், மக்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, வருவதாகத் தெரிந்தது. அந்த அளவு கூடக்கூட நீரிழிவும் கூடியது. நாள் கூலிக்காரர் கையில் இருக்கும் காசுக்கு வயிறு நிறைவது எதனால்? சோறு, பரோட்டா, சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, அதோடு ஒரு வடை. பருப்பும் காயும் முட்டையும் வயிற்றை நிறைப்பதற்கு அதிகம் செலவாகும். காய்கறி நல்லது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கிலோ பீன்ஸ் விலையும் அவருக்குத் தெரியும்.

அடுத்தது வேலை. உழைக்கிற உடம்பு என்று சொன்னோமே, அந்த உழைப்பே மாறிவிட்டது. மீன்பாடி வண்டி மிதித்தவரின் மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூட்டை தூக்கியவர் ஐம்பது வயதில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் பாதி நாள் இரவுப் பணி. உடலுழைப்பு போய்விட்டது, ஓய்வு வரவில்லை. தூக்கம் கெட்ட உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது என்பது மருத்துவ மாணவர்களுக்கே தெரிந்த சங்கதி. "தினமும் நாற்பத்தைந்து நிமிடம் வேகமாக நடங்கள்" என்று அந்தக் காவலாளியிடம் சொல்லும் டாக்டரை எனக்குத் தெரியும். இரவு எட்டு மணிக்கு வேலைக்கு வந்து காலை எட்டு மணிக்கு இறங்கி, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போகிறவர் எந்த நாற்பத்தைந்து நிமிடத்தை எடுத்துக்கொள்வார் என்று அவர் சொல்வதில்லை.

இதுவரை சொன்னது பணம் இல்லாததைப் பற்றி. ஆனால் விஷயம் பணத்தோடு முடிவதில்லை. அதற்கு நான் லண்டனுக்குப் போக வேண்டும்.

லண்டனில் ஒயிட்ஹால் என்று ஒரு தெரு. நமக்குக் கோட்டை எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அரசுத் துறைகளின் தலைமையிடம். 1967ல் தொடங்கி, அங்கே வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இந்த ஆய்வின் அருமை, அதில் இருந்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. எவரும் பட்டினி கிடப்பவர் இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம். நோய் என்றால் காசில்லாமல் பார்க்கும் தேசிய மருத்துவச் சேவை. சுரங்கத் தூசி கிடையாது, ஆலைப் புகை கிடையாது. வறுமை என்ற சொல்லுக்கே இடமில்லாத கூட்டம் அது.

அப்போது இருந்த நம்பிக்கை என்னவென்றால், பெரிய அதிகாரிக்குத்தான் பொறுப்பு அதிகம், டென்ஷன் அதிகம், ஆகவே மாரடைப்பும் அவருக்குத்தான். வந்த விடை நேர் எதிர். கோப்பு தூக்கும், வாசலில் நிற்கும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது, உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். இதையாவது ஒருவாறு எதிர்பார்த்திருக்கலாம். எதிர்பார்க்காதது நடுவில் இருந்தது. உச்சியில் இருப்பவரைவிட அவருக்கு அடுத்த படியில் இருப்பவருக்கு அதிகம்; அவரைவிட அடுத்த படிக்கு இன்னும் அதிகம். நல்ல சம்பளம், நல்ல வீடு, தோட்டம் எல்லாம் உள்ள மனிதர்கூடத் தன் மேலதிகாரியைவிடச் சீக்கிரம் செத்தார். சிகரெட், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு என்று நமக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் கழித்துப் பார்த்தார்கள். வித்தியாசத்தில் பாதிகூட அதனால் விளங்கவில்லை.

1985ல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. மைக்கேல் மார்மட் என்பவர் தலைமையில், இம்முறை பெண்களையும் சேர்த்து 10,308 பேர். வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்று கேட்டார்கள். எதை முதலில் செய்வது, எப்போது இடைவேளை எடுப்பது, எப்படிச் செய்வது என்பதையெல்லாம் தானே முடிவு செய்ய முடிகிறதா, அல்லது யாரோ மணியடிக்க எழுந்து ஓட வேண்டுமா? பிடி குறைந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. வேலை நெருக்கடி விடாமல் தொடர்ந்தவர்களுக்குத் தொப்பை, சர்க்கரை, கொதிப்பு, கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்து வருவது மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். உடம்பு அவமானத்தையும் கையாலாகாத கோபத்தையும் வெறும் உணர்ச்சியாக வைத்துக்கொள்வதில்லை. ஆபத்து வந்தால் ஓடுவதற்காகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன், ஓட வழியில்லாதவருக்குத் தினமும் சுரந்துகொண்டிருக்கிறது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது.

ஒயிட்ஹாலில் பதவிப் படிகள் மட்டும்தான். நம் ஊரில் பதவிப் படியோடு சாதிப் படியும் இருக்கிறது, வீட்டுக்குள் ஆண் பெண் படியும் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குக் குப்பை வண்டியோடு கிளம்பும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வேலையில் அவரே முடிவு செய்யக்கூடியது என்று எதைச் சொல்வீர்கள்? அடுத்த மாதம் ஒப்பந்ததாரர் மாறினால் வேலை இருக்குமா என்பதுகூட அவர் கையில் இல்லை. அவருக்குப் பிரஷர் இருநூறைத் தொட்டால் "உப்பைக் குறை" என்கிறோம். உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். அது மட்டும்தான் குறைய வேண்டுமா?

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வசதியானவருக்குச் சர்க்கரை வராதா, கொதிப்பு வராதா, இதயம் அடைக்காதா என்று கேட்டால், வரும். நீண்ட நாள் வாழ்ந்தால் பெரும்பாலோருக்கு ஏதோ ஒன்று வரத்தான் செய்யும். நோய் வருமா வராதா என்பதைவிட, அது எந்த வயதில் வரும் என்பதில்தான் வசதியின் கை பலமாக விளையாடுகிறது.

ஸ்காட்லாந்தில் 314 மருத்துவ மையங்களில் பதிவு செய்திருந்த பதினேழரை லட்சம் பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2012ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாற்பது நாள்பட்ட நோய்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரே ஆளுக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் எப்போது சேர்கிறது என்று பார்த்தார்கள். மிகவும் பின்தங்கிய பகுதிகளில் வாழ்பவர்களுக்கு, வளமான பகுதிகளில் வாழ்பவர்களைவிட 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே அது நடந்துவிடுகிறது. உடல் நோயும் மன நோயும் சேர்ந்து இருப்பவர்கள் வளமான பகுதியில் 5.9 சதவீதம், பின்தங்கிய பகுதியில் 11 சதவீதம்.

பத்துப் பதினைந்து ஆண்டு என்பதைக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். அறுபது வயதில் சர்க்கரை வந்தவருக்குப் பிள்ளைகள் தலையெடுத்திருப்பார்கள், வீட்டுக் கடன் முடிந்திருக்கும், ஓய்வூதியமும் வரக்கூடும். நாற்பத்தைந்தில் வந்தவருக்கு மகள் பத்தாம் வகுப்பில் இருப்பாள், மகன் ஏழாம் வகுப்பில் இருப்பான், சீட்டுப் பணம் பாக்கி இருக்கும். சர்க்கரை கட்டுப்படாமல் பத்து ஆண்டு ஓடினால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். முதலாமவருக்கு அது எழுபது வயதில் நடக்கும். இரண்டாமவருக்கு ஐம்பத்தைந்தில். கொத்தனாருக்கு ஐம்பத்தைந்து வயதில் கால் போனால் அந்தக் குடும்பத்தில் அடுத்து யாருடைய படிப்பு நிற்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வசதிக் குறைவு நோயைக் கொண்டுவருகிறது. நோய் வசதியை இன்னும் குறைக்கிறது. நீரிழிவு மருத்துவத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு 2007ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், நகர்ப்புற ஏழைக் குடும்பங்கள் வருமானத்தில் 34 சதவீதத்தை அதற்கே கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கிராமத்து ஏழைகள் 27 சதவீதம்.

ஸ்காட்லாந்தைச் சொன்னதால் கிளாஸ்கோவை விட்டுவிட்டுப் போக மனமில்லை. 2008ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் ஒன்று தன் அறிக்கையில் ஒரு பட்டியல் போட்டது. கிளாஸ்கோவின் கால்டன் பகுதியில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 54 வயது. அதிலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் லென்சியில் 82. அதே பட்டியலில் இந்தியாவின் சராசரி 62. கால்டனில் வீடற்றவர் விடுதிகள் இருந்ததால் எண் கூடுதலாகவே கீழே இறங்கியது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அது நியாயமான விளக்கம்தான். ஆனாலும் கிளாஸ்கோவைப் பற்றி இன்னொரு புதிர் இருந்தது. லிவர்பூல், மான்செஸ்டர் ஆகிய நகரங்களிலும் கிளாஸ்கோ அளவுக்கே ஏழ்மை. ஆனால் அகால மரணம் மட்டும் கிளாஸ்கோவில் 30 சதவீதம் அதிகம். தண்ணீரா, தட்பவெப்பமா, வறுத்த தின்பண்டமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பல ஆண்டுகள் தோண்டிய பிறகு கிடைத்த காரணங்களில் ஒன்று, நகரத்தை நிர்வகித்த விதம். போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் திறமையான தொழிலாளர்களையும் இளம் குடும்பங்களையும் தேர்ந்தெடுத்துக் கிழக்கு கில்பிரைட், கம்பர்னால்ட் போன்ற புது நகரங்களுக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களைப் பராமரிப்புக் குறைந்த பெரிய பெரிய குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் விட்டார்கள். ஏழ்மை ஒன்றுதான், ஏழைகளை ஊர் எப்படி வைத்திருக்கிறது என்பது வேறு.

இதைப் படித்தபோது எனக்குக் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் நினைவுக்கு வந்தன. நகரத்தின் நடுவில் நடந்து போகிற தூரத்தில் வேலை வைத்திருந்தவர்களை, ஓரத்தில் கொண்டுபோய் அடுக்குமாடிகளில் குடிவைத்தோம். வீட்டு வேலை செய்யும் பெண் விடியலில் எழுந்து பஸ் பிடித்து, இருட்டிய பிறகு திரும்புகிறார். இடம் மாறிய பிறகு அந்த உடம்புகளில் சர்க்கரையும் பிரஷரும் என்ன ஆயின என்று பாரதி நகரில் செய்ததைப் போலப் பத்தாண்டு இடைவெளியில் இருமுறை அளந்து பார்க்க வேண்டும். வீடு கொடுத்தோம் என்று கணக்கை முடித்துவிடக் கூடாது.

வயதைப் பற்றிப் பேசினால், பிறப்பதற்கு முன்னால் இருக்கும் வயதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும் மருத்துவச்சிகள் பேரேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, அந்தக் குழந்தைகள் பெரியவர்களாகி எதனால் இறந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். பிறக்கும்போதும் முதல் பிறந்தநாளிலும் எடை குறைந்திருந்த ஆண்களே இதய நோய்க்கு அதிகம் பலியாகியிருந்தார்கள். நம் நாட்டில் புனே அருகே ஆறு கிராமங்களில் 1990களில் தொடங்கிய ஆய்வு இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் குறைந்த நம் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும்தான் குறைந்திருந்தன. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. இல்லாத காலத்துக்கென்று தயாரான உடம்பு அது. அந்த உடம்பு வளர்ந்து, மலிவு மாவுச்சத்து தாராளமாகக் கிடைக்கும் நகரத்துக்கு வேலை தேடி வருகிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டையும் கூட்டினால் நூறுக்கு அருகே போகிறது என்பதால் இவர்கள் வேறு, அவர்கள் வேறு என்று நினைத்துவிட வேண்டாம். நிறைய பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து, மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் சாப்பிடும் உடம்புக்கு மாவுச்சத்து மிஞ்சும், இரும்புச்சத்து கிடைக்காது. அவர் வயிற்றில் அடுத்த குழந்தை வளர்கிறது.

இப்போது மருத்துவமனைக்குள் வருவோம். 2008ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஐம்பது நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு மாரடைப்போடும் அதை ஒத்த இதயக் கோளாறுகளோடும் வந்த 20,000 பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் பணக்காரர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். ஏன் என்று ஆராய்ந்தபோது, அவர்களுடைய பழக்கவழக்கங்களையும் வரும்போது இருந்த உடல்நிலையையும் கணக்கில் எடுத்தாலும் இந்த வித்தியாசம் மறையவில்லை. கொடுத்த சிகிச்சையைக் கணக்கில் எடுத்ததும் மறைந்துவிட்டது. அதாவது இருவருக்கும் ஒரே சிகிச்சை கிடைத்திருந்தால் இருவரும் ஒரே அளவில் பிழைத்திருப்பார்கள். பீடி குடித்தான், அதனால் செத்தான் என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் இந்த இரண்டு எண்களைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

பதினேழு நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரைத் தொடர்ந்த வேறொரு ஆய்வும் 2014ல் இதையே உலக அளவில் காட்டியது. கொதிப்பு, கொழுப்பு, சிகரெட் போன்ற அபாயங்கள் பணக்கார நாடுகளில்தான் அதிகம். மாரடைப்பும் பக்கவாதமும் வந்து சாவதோ ஏழை நாடுகளில் அதிகம்.

இதற்கு ஒரு டாக்டர் செய்து காட்டிய பதில் உண்டு. ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். எங்கே மருத்துவம் அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971ல் எழுதியவர். எழுதிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. வலி என்று வந்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், வராதவர்களைத் தேடிப்போனார். கிராமத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்து, ஏடு போட்டு, ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்ந்தார். இருபத்தைந்து ஆண்டு முடிவில் அந்தக் கிராமத்தின் இறப்பு விகிதம் பக்கத்துக் கிராமத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. சுரங்கத்தை அவரால் மாற்ற முடியவில்லை, கூலியை உயர்த்த முடியவில்லை. தேடிப்போக முடிந்தது.

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எனக்கு மதிப்பு உண்டென்றால் இந்தக் காரணத்துக்காகத்தான். அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த மாநில ஆய்வில், தமிழ்நாட்டில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் கட்டுப்பாட்டில் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான், நீரிழிவில் 10.8. மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வரும் பெண் தன்னார்வலர், பிரஷர் பார்க்கிறார், வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கிறார். பிறகு எடுத்த கணக்கில் எண்கள் உயர்ந்திருக்கின்றன. ஆனாலும் ஐந்தில் ஒருவரைக்கூட எட்டவில்லை. அந்தத் தன்னார்வலர்களின் ஊக்கத்தொகையைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். ஏழையின் நோயைப் பார்க்கும் வேலையையும் குறைந்த கூலிக்கு ஏழைப் பெண்ணிடமே கொடுத்திருக்கிறோம்.

இன்னும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. நோயாளிகளுக்கு அது சின்னது இல்லை. சர்க்கரைப் பரிசோதனை என்றால் வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இரண்டுக்கும் நடுவே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை நாள் கூலி போயிற்று. கட்டட வேலையில் அரை நாள் என்று ஒன்று கிடையாது, அதனால் முழு நாளும் போயிற்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. என்ற சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் ரத்தம் எடுக்கலாம். அதை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாலையில் எடுக்க ஏற்பாடு செய்தால், "சொன்னால் டெஸ்ட்டுக்கு வருவதில்லை" என்று நாங்கள் திட்டும் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். நகரத்துச் சுகாதார நிலையங்களில் மாலைப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. சோதனையை அந்த நேரத்துக்குக் கொண்டுபோவதுதான் பாக்கி.

உரை முடிந்ததும் வந்த இரண்டு கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அப்படியானால் நடப்பதும் உணவுக் கட்டுப்பாடும் வீண் என்கிறீர்களா என்று ஒரு நண்பர் சற்றுக் கோபமாகக் கேட்டார். இல்லை. நடக்க முடிந்தவர் நடக்க வேண்டும். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் முடிந்தவர்கள். அதனால் நாளைக் காலையிலிருந்து நடங்கள். முடியாதவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

அரிசிதான் காரணம் என்றால் ரேஷனில் இலவச அரிசியை நிறுத்திவிடலாமே என்று இன்னொருவர் கேட்டார். இந்த வாதம் எனக்குப் புதிதல்ல. பெரும்பாலும் ரேஷன் அரிசி சாப்பிடாதவர்களிடமிருந்தே வரும். அந்த அரிசி இல்லாவிட்டால் பாரதி நகரில் சர்க்கரைக்குப் பதில் பசி இருக்கும். அரிசியை எடுக்க வேண்டாம், கூடப் போடுவதைக் கூட்டுங்கள். கிலோ முப்பது ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு கொடுக்கிறார்கள்; நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? இரண்டு கிலோவாக்கலாம். லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்குக் கொடுக்கும் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் கொடுக்கலாம் என்று டெல்டாவிலும் கொங்கிலும் கடலை போடும் விவசாயிகளே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 மே மாதத்திலிருந்து இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். தருமபுரிக்காரர்களுக்குக் களி புதிதில்லை, வாங்கிக்கொள்வார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.